லெஃப்ட் சைடு மேடம்

எனக்குத் தெரிந்து, மாப்பிள்ளை முடிவாவதற்கு முன்பே போட்டோகிராபரை முடிவு செய்து வைத்திருந்த மணப்பெண் அவர் ஒருவர்தான்.

"புருஷன் மாறலாம் கண்ணு. போட்டோகிராபர் மாறக் கூடாது" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் மாடியில் இருக்கிறது என் ஸ்டுடியோ. அந்தப் படியில் குதிகால் செருப்பு டக் டக்கென்று ஏறி வரும் சத்தம் கேட்டால் போதும், கம்ப்யூட்டரில் ஆல்பம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி சுமதி தலையைக்கூடத் திருப்ப மாட்டாள். "லெஃப்ட் சைடு மேடம் வராங்க. இன்னொரு கல்யாணம் போல" என்பாள்.

அவருக்கு நடந்த கல்யாணம் மொத்தம் ஐந்து. அதில் நான்கை எடுத்தவன் நான். முதலாவது நடந்தபோது எனக்கு அவரைத் தெரியாது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்வதென்றாலும் எதைச் சொல்வது? சினிமாவில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையிலும் எண்கணிதக்காரர் சொன்னபடி எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ ஒரு பெயர். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பாவாடை சட்டை வயதில் சினிமாவுக்காக வந்தவர். கதாநாயகியின் தோழியாக வந்தார். வில்லன் பக்கத்தில் கையில் கிளாஸோடு சாய்ந்து நின்றார். வயது ஏறியதும் சீரியல்களில் பட்டுப்புடவை கட்டிய பணக்கார மாமியார் ஆனார். பெரிய வேஷம் எதுவும் வாய்க்கவில்லை. ஆனால் வேஷம் சின்னது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

யாரைப் பார்த்தாலும் "கண்ணு"தான். என்னையும் கண்ணு, ஆட்டோக்காரரையும் கண்ணு, புருஷனையும் கண்ணு. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பேரே சொல்ல மாட்டீங்களா மேடம்?"

"நாலு பேர கட்டிகினவ நானு. தூக்கத்துல ஒரு பேருக்கு இன்னொரு பேரு வாய்ல வந்துச்சுன்னா இன்னா ஆவறது? கண்ணுன்னா எல்லாருக்கும் பொருந்தும்ல?"

இதில் மறுத்துப் பேச என்ன இருக்கிறது?

முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருந்தார். கோடைக்காலத்தில் அங்கே தண்ணி லாரி வரும். அந்த லாரி வந்தால் ஊர் எப்படி ஓடும் என்று உங்களுக்கே தெரியும். தலை விரிந்தது தெரியாது, நைட்டி நனைந்தது தெரியாது. அவர் மட்டும் உதட்டுச்சாயம், பொட்டு, காதில் ஜிமிக்கி, இடுப்பில் பிளாஸ்டிக் குடம் என்று இறங்கி வருவார். பக்கத்துப் போர்ஷன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தண்ணி லாரிக்காரன் அவரைக் கண்டதும் குழாயை இழுத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்து, "மேடம், மொதல்ல நீங்க புடிங்க" என்று வழிந்தானாம். இவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்னப் பாக்கணும்னா பாத்துக்கோ கண்ணு. இங்க கீற அத்தினி கொடமும் ரொம்புற வரைக்கும் நின்னு பாத்துக்கோ. என்து கடைசி."

அன்றைக்கு அந்தக் குடியிருப்பில் காலிக் குடத்தோடு திரும்பியவர் யாருமில்லை. சிரித்த பெண்கள்தான் பிறகு எனக்கு இதைச் சொன்னார்கள். அழகு என்றால் தலைக்கனம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அதை இப்படி நாலு பேருக்குப் பயன்படுத்தலாம் என்று அவரிடம்தான் கண்டேன்.

நான் எடுத்த முதல் கல்யாணம், அவருடைய இரண்டாவது. மாப்பிள்ளை பூந்தமல்லி லாரிக்காரர், சொந்தமாகப் பத்து லாரி வைத்து ஓட்டுகிறவர். இரண்டாம் கல்யாணம் என்றால் நம் ஊரில் எப்படி நடக்கும்? கோயிலில் ஒரு மாலை, பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, ஓட்டலில் ஒரு மசால் தோசை. போட்டோகிராபரைக் கூப்பிட்டாலும், "நாலே நாலு எடுப்பா, போதும்" என்று கூச்சத்தோடு சொல்வார்கள். நானும் அப்படி நினைத்து ஒரே ஒரு பிலிம் ரோலோடு போய்விட்டேன். அங்கே போனால் வாழைமரம், நாதஸ்வரம், ஜரிகை ஜொலிக்கும் மணமேடை. பெண் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு, இருபது வயதுப் பெண் மாதிரி குனிந்து நிற்கிறார். ரோல் பாதியிலேயே தீர்ந்து, பூந்தமல்லிக் கடைத்தெருவெல்லாம் பிலிமுக்கு அலைந்தேன்.

திரும்பி வந்து, மூச்சு வாங்க, "ரெண்டாவதுன்னு சொன்னாங்களே மேடம்" என்றேன்.

"ரெண்டாவது ஆட்டத்துக்குப் போனா பாதி டிக்கெட்டா குடுப்பாங்க கண்ணு?"

அவருடைய குணம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. எத்தனையாவது என்று அவர் கணக்கு வைத்துக்கொள்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் அதே பந்தல், அதே வெட்கம், அதே நம்பிக்கை. முந்தைய முறை பட்டது எதுவும் இந்த முறை முகத்தில் தெரியாது. எனக்கு ஒரு தடவை லென்ஸ் கீழே விழுந்ததிலிருந்து இன்றுவரை கேமராப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். அவருக்கு அந்தப் பயமே கிடையாது.

லாரிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் கொஞ்ச நாளில், ஷூட்டிங் போகாதே, மை போடாதே, வாசலில் நிற்காதே என்று ஆரம்பித்தார். பிரிவதென்று முடிவானது. கோர்ட்டுக்குப் போகிற அன்று காலை, பூந்தமல்லி பாய் கடையில் பிரியாணி சொல்லி, இரண்டு தரப்பு வக்கீல்களையும் உட்கார வைத்துப் பரிமாறியிருக்கிறார். "வெறும் வயித்தோட போனா கோவம்தான் வரும். துன்னுட்டுப் பிரியலாம்." லாரிக்காரர் அழுதுகொண்டே சாப்பிட்டாராம். பிறகு மூன்றாவது புருஷன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு வியாபாரம் செய்தவர், மாரடைப்பில் போனபோது, முதல் ஆளாக வண்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் அந்த லாரிக்காரர்தான்.

நான்காவது பல் டாக்டர். அவரோடும் ஒத்துவரவில்லை. "அவருக்கு அமைதி வேணும், எனக்கு ஆளுங்க வேணும்" என்றார், அவ்வளவுதான். ஆனால் பிரிந்த பிறகும் பல் பார்க்க அவரிடமேதான் போவார். சுமதிக்குத் தாங்கவில்லை.

"எப்படி மேடம் அங்கயே போறீங்க?"

"பிரிஞ்சது புருஷன் பொண்டாட்டி. பல்லு இன்னா பாவம் பண்ணுச்சு?"

விட்டுப் போன யாரைப் பற்றியும் அவர் வாயில் ஒரு கெட்ட சொல் வந்து நான் கேட்டதில்லை. இது எனக்கு வராத குணம். ஆல்பத்தை வாங்க வராமல் இழுத்தடித்த வாடிக்கையாளர்களை நான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரும்பு வியாபாரி இறந்து ஒரு வருஷம் கழித்து, மேடம் இருந்த மாடியிலேயே ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. நான்தான் போட்டோ. சுமங்கலிகள் ஒவ்வொருவராக வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். மேடம் ஓரமாக நிற்கிறார். கர்ப்பிணிப் பெண், "ஆன்ட்டியும் போடட்டும்" என்றது. பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அம்மாள், "இல்லம்மா, மேடத்துக்கு இப்போ..." என்று இழுத்தார்.

"இப்போ இன்னா?" என்று முன்னால் வந்தார் இவர். "நீங்கள்லாம் ஒரு வாட்டி சுமங்கலி ஆனவங்க. நான் மூணு வாட்டி ஆனவ. எந்தக் கை ராசியான கைன்னு நீங்களே சொல்லுங்க கண்ணுங்களா."

அந்தக் கர்ப்பிணி விழுந்து விழுந்து சிரித்து, இரண்டு கையையும் நீட்டியது. பெரியம்மாக்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. வளையல் போடுகிற மேடம், வழக்கம்போல இடது கன்னத்தைக் காட்டிக்கொண்டு.

ஆமாம், இடது கன்னம். அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. "லெஃப்ட் சைடுதான் எடுக்கணும் கண்ணு. அந்தாண்ட வேணாம்." சினிமாக்காரர்களுக்கு இப்படி ஒரு பக்கம் பிடித்துப்போவது உண்டு என்று நானும் பெரிதாக நினைக்கவில்லை. மேடையில் பெண், மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிற்க வேண்டும் என்பது சம்பிரதாயம். அப்படி நின்று மாப்பிள்ளை பக்கம் லேசாகத் திரும்பினால் கேமராவுக்குத் தெரிவது இடது கன்னம்தான். ஆக, மேடத்துக்கும் சம்பிரதாயத்துக்கும் எந்தச் சண்டையும் வரவில்லை. வலது கன்னத்தில் எப்போதும் ஒரு கற்றை முடி சுருண்டு விழுந்திருக்கும். மேல் பூச்சும் கொஞ்சம் கனம். நான் அதை ஸ்டைல் என்றே நினைத்தேன்.

பல் டாக்டர் கல்யாணத்தில்தான் அந்த நிபந்தனை உடைந்தது. பாலும் பழமும் கொடுக்கும்போது டாக்டர் கை நடுங்கி, பழத்தை இவர் மூக்கில் வைத்துவிட்டார். இவர் தலையைப் பின்னால் சாய்த்து, மறுபக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். நான் அமுக்கிவிட்டேன். அந்த மாதிரி ஒரு சிரிப்பை அந்த வருஷம் முழுக்க நான் எடுத்ததில்லை. ஆனால் வலது கன்னம். முடி வேறு விலகியிருந்தது.

சுமதிக்கு அந்தப் படத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் படத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிவிட்டாள். வலது கன்னம் இடது கன்னம் ஆகிவிட்டது. கன்னத்தைத் தொட்டுத் துடைத்து, ஆல்பத்தில் முழுப் பக்கம் வைத்தாள். எங்கள் தொழிலில் அவசரத்துக்கு எல்லாரும் செய்கிற வேலைதான்.

அச்சுக்குப் போகும் முன் பார்க்க வந்த மேடம், திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்.

"ஏமி கண்ணு இது? முந்தானய வலது தோள்ல போட்டுகினு கீறேன்? நான் எப்போ சேட்டு ஊட்டுக்கு மருமவளா போனேன்?"

சுமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். படத்தைத் திருப்பினால் முகம் மட்டுமா திரும்பும்? இடது தோளில் கிடக்க வேண்டிய முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மாப்பிள்ளை கடிகாரமும் வலது கைக்கு ஏறியிருந்தது. கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள் பண்ணவே கூடாத தப்பு.

"நல்லா சிரிச்சிருந்தீங்க மேடம். விட மனசு வரல" என்றாள். பிறகு, நான் காலால் உதைப்பதையும் பொருட்படுத்தாமல், "பெருசு பண்ணும்போது பாத்தேன். காதுலேர்ந்து கன்னம் வரைக்கும் ஒரு தழும்பு... அது என்ன மேடம்?" என்று கேட்டுவிட்டாள்.

நான் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, சுருட்டி விட்ட முடியை ஒரு விரலால் விலக்கிக் காட்டினார்.

"இது என் மொதல் கல்யாணத்து ஆல்பம் கண்ணு. அந்த ஆளு வேற போட்டோ எதுவும் எடுக்க விடல."

அவ்வளவுதான் சொன்னார். முடியை மறுபடி இழுத்து விட்டுக்கொண்டு, "அந்தப் படம் வேணாம்மா, அழிச்சிடு" என்றார். சுமதி அழித்தாள். ஒவ்வொரு முறையும் இந்த மனுஷி ஏன் வாழைமரம் கட்டுகிறார், ஏன் கேமராவைக் கூப்பிடுகிறார் என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. அன்றிலிருந்து சுமதி அவரை லெஃப்ட் சைடு மேடம் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஐந்தாமவர் ஆவடிக்காரர். மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருஷம். கல்யாணமான ஒரு மகள். அதிகம் பேச மாட்டார். வேலையில் இருந்த காலத்தில், அம்பத்தூர் பிளாட்பாரத்தில் மேடம் குதிகால் செருப்போடு ஓடி வரும்போதெல்லாம் அவருடைய வண்டி கிளம்பக் கொஞ்சம் தாமதமாகும். "சிக்னல் உழலன்னு சொல்லுவாரு. உழுந்துட்டு இருக்கும் கண்ணு, எனக்குத் தெரியாதா?" என்று மேடம் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது முகம் சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மாங்காட்டில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தாகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. லாரிக்காரர் வண்டி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பல் டாக்டர் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் மேடம் வாய் கொப்பளிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்திருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. கண் மூடவில்லை. உதடு இழுத்துக்கொண்டது. முகவாதம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சரியாக மாதக்கணக்கில் ஆகலாம், முழுவதும் சரியாகாமலும் போகலாம் என்றாராம்.

கார்டு சார் ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கல்யாணம் வேணாம்னு சொல்ட்டாங்க தம்பி. கதவத் தொறக்க மாட்டேன்றாங்க. உங்ககிட்டயாவது பேசுவாங்களான்னு..." என்றார்.

நாங்கள் மூவரும் முகப்பேர் போனோம். இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. உள்கதவு ஒரு சாண் திறந்திருக்க, அதன் பின்னால் அவர் நிற்பது தெரிந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடியிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று என் தொழில் புத்தியைக் காட்டினேன்.

"மேடம், போட்டோ பத்தி கவலப்படாதீங்க. சுமதி கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடுவா."

"போட்டோவ சரி பண்ணுவ கண்ணு. தெனம் காலைல எய்ந்து இந்த மூஞ்சியப் பாக்கப் போறவருக்கு இன்னா பண்ணுவ?" உதடு ஒத்துழைக்காததால் சொற்கள் குழறின. "நாளைக்கு நாலு பேரு, பாவப்பட்டுத் தாலி கட்னான்னு சொல்லுவாங்க. எனக்கு அது வாணாம். இதுவரைக்கும் என்னக் கட்னவன் அத்தினி பேரும் ஆசப்பட்டுக் கட்னான். அந்தப் பேரு ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் கீது. அதையும் உட்டுட்டு ஒரு கல்யாணம் எனக்கு எதுக்கு?"

சுமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார்டு சார் படிக்கட்டில் உட்கார்ந்தார். கதவைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சர்வீஸ் பூரா நான் கடைசிப் பெட்டிலயே நின்னவன்மா. ஓடுற வண்டியோட மூஞ்சிய நான் ஒருநாளும் பாத்ததில்ல. டிரைவருக்குத்தான் மூஞ்சிப் பக்கம். நான் பின்னாடி நின்னு, எல்லாரும் ஏறிட்டாங்களா, வண்டி கூடவே போறமான்னு மட்டும்தான் பாப்பேன். எனக்கு அது போதும். பாவம்னு சொன்னா, ஊட்ல தனியா சோறு போட்டுத் துன்றேன் பாருங்க, நான்தான் பாவம்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. நாங்கள் இறங்கி வந்தோம். வழியில் கார்டு சாருடைய மகள் போன் செய்து, "விட்டுடுங்கப்பா. இந்த வயசுல போட்டோ, மண்டபம் எல்லாம் எதுக்கு? சரியானதும் சிம்பிளா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்றது, எனக்கும் கேட்டது. கெட்ட எண்ணத்தில் சொன்னதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சிம்பிள் என்ற சொல்லை மேடம் கேட்டிருந்தால், முழுக் கதவையும் பூட்டியிருப்பார்.

கல்யாண நாள் வந்தது. ரத்து என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை; உண்டு என்றும் சொல்லவில்லை. கேமராவைத் துடைத்து, பேட்டரி ஏற்றி, சுமதியையும் கூட்டிக்கொண்டு மாங்காடு போய்விட்டேன். மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. கார்டு சார் பட்டு வேட்டியில், ரயிலை எதிர்பார்த்து நிற்கிறவர் மாதிரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். லாரிக்காரர் அனுப்பிய வண்டி வந்து நின்றது. முதலில் ஒரு குதிகால் செருப்பு இறங்கியது. பின்னாலேயே அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, மை, சாயம், ஜிமிக்கி, எல்லாம்.

ஆனால் அந்தக் கற்றை முடியைக் காணோம். முடியை இழுத்து வாரிப் பின்னால் கட்டியிருந்தார். இடது பாதி தொங்கியது தொங்கியபடி. வலது கன்னத்தில் பூச்சு இல்லை. காதிலிருந்து இறங்கும் தழும்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

தாலி கட்டி முடிந்தது. மேடையில் ஜோடியாக நிற்க வைத்துப் படம் எடுக்கிற நேரம். எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவர் நடந்துபோய், கார்டு சாரின் வலது பக்கத்தில் நின்றுகொண்டார்.

மண்டபத்தில் சலசலப்பு. "பொண்ணு அந்தாண்ட நிக்கணும்மா, எடது பக்கம்" என்று ஒரு குரல். "தாலி கட்டினப்புறம் வலது பக்கம் நிக்கக் கூடாதும்மா" என்று இன்னொன்று. கார்டு சாருடைய மகள் மேடைக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, பக்கம் மாறி நிக்கிறீங்க."

அம்மா என்றுதான் சொன்னாள். அவளுக்கே அது பிறகுதான் தெரிந்திருக்கும். மேடம் அவள் கன்னத்தைத் தொட்டார்.

"தெரிஞ்சிதாம்மா நிக்கிறேன். இந்தக் கன்னத்த இதுவரைக்கும் எந்தக் கேமராவுக்கும் நான் தரல. புதுசாவே கீது. உங்கப்பா கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்தேன்னு நெனச்சிக்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை கல்யாணத்திலும் இடது பக்கம் நின்றபோது, தழும்புள்ள கன்னம் மாப்பிள்ளை பக்கம்தான் இருந்தது. இன்றைக்குத் தொங்கிய கன்னம் கார்டு சார் பக்கம் இருந்தது. ஊர் பார்க்கக் கூடாது என்று மறைத்ததை அவர் ஒருபோதும் புருஷனிடம் மறைக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கேமராவுக்குப் பின்னால் இருப்பதில் இது ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

"இன்னா கண்ணு பாத்துகினே கீற? எடு."

வாய்ப் பழக்கம், "சிரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எனக்குப் பாதிதான் வரும் கண்ணு. மிச்சத்த அவரு சிரிப்பாரு."

பத்திரிகைக்காகவும் பாஸ்போர்ட்டுக்காகவும் நான் எடுத்த எந்தப் படத்திலும் சிரிக்காத கார்டு சார், பல்லெல்லாம் தெரிய, கண் நிறைய நீரோடு சிரித்தார். நான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் ஆவடியில் சேர்ந்து வாழ்ந்தார்கள். முகம் ஓரளவு திரும்பியது, முழுக்கத் திரும்பவில்லை. அந்தக் கற்றை முடியை அவர் மறுபடி சுருட்டி விட்டுக்கொள்ளவே இல்லை. போன வருஷம் அவர் இறந்தபோது, வாசலில் லாரிக்காரரும் பல் டாக்டரும் கார்டு சாருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தது அந்த மகள்தான்.

மாங்காட்டுப் படத்தைப் பெரிதாக்கி ஸ்டுடியோ முகப்பில் மாட்டியிருக்கிறேன். சுமதி அதில் கை வைக்கவில்லை, தழும்பைக்கூடத் துடைக்கவில்லை. கல்யாணப் பேச்சோடு படியேறி வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

"பொண்ணு பக்கம் மாறி நிக்குதே சார். படத்தத் திருப்பிப் போட்டுட்டீங்களா?"

"முந்தானையப் பாருங்க" என்பேன்.

அவர்கள் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். அது இடது தோளில்தான் இருக்கும்.